புகை போகும் வழி

சென்ற ஆண்டு சித்திரை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த எங்கள் இளையவன், கைப்பேசியில் ஒரு படம் கொண்டுவந்திருந்தான். அகலமான சமையலறை. அதன் நடுவில், எந்தச் சுவரையும் தொடாமல், வெள்ளைக் கல் பதித்த ஒரு மேடை. மேடையின்மேல் அடுப்பு; அடுப்புக்கு நேர் மேலே, கூரையிலிருந்து கவிழ்த்த புனல் போல எஃகில் ஒரு சிம்னி தொங்கிக்கொண்டிருந்தது. நாற்புறமும் வெற்றிடம் சூழ நிற்பதால் அதற்குத் தீவு மேடை என்று பெயராம். கண்ணாடியைத் தேட மனமில்லாமல் கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்த அம்மா கேட்டார்: "அடுப்பு ஏன்டா தம்பி நடு வீட்டுல நிக்குது? செவுத்தோட சண்டையா?"

தீவு என்ற சொல்லைக் கேட்டு நாங்கள் சிரித்ததற்கு வேறு காரணம் உண்டு. திருத்துறைப்பூண்டியில் ஐப்பசி கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால், முள்ளியாறு நிறைந்து, வடிகால்கள் போக்கு மறந்து, கொல்லைத் தண்ணீர் பின்கட்டுப் படிவரை வந்து நிற்கும். அந்த நாட்களில் எங்கள் அடுப்படி யாரும் கட்டிக்கொடுக்காமலேயே தீவுதான். இளையவனுக்கும் இது தெரியும். இருந்தாலும் அவன் படத்தை விடுவதாக இல்லை.

நாங்கள் மூவர். மூத்தவள் திருவாரூரில், இளையவன் சென்னையில், நடுவில் உள்ளவர் அம்மாவோடு ஊரில். எந்த முடிவையும் மூவரும் கூடித்தான் எடுப்பது என்பது அப்பா காலமான பிறகு ஏற்பட்ட வழக்கம். அதனால் இங்கும் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். வீடு பழைய ஓட்டுவீடு. 2018 நவம்பர் 16 அன்று அதிகாலை கஜா புயல் பின்கட்டு ஓடுகளை வாரிக்கொண்டு போனது. அதன்பின் பல ஆண்டுகள் தகரக் கொட்டகையாகவே கிடந்த அடுப்படியைத் தளம் போட்டுக் கட்டுவதென்று இப்போதுதான் கைகூடி வந்தது. பதினான்கடிக்குப் பன்னிரண்டடி, உயரம் பத்தடி. இதற்குள் என்ன சிம்னி வைப்பது என்பதுதான் கேள்வி. சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இலக்கியம் பேசும் இடத்தில் சிம்னியைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். ஆனால் கடந்த பல மாதங்களில் நாங்கள் மூவரும் வேறெதைப் பற்றியும் இவ்வளவு பேசவில்லை.

பேசியதற்குக் காரணம் அம்மாவின் நெஞ்சு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாடிப்படியில் பாதி ஏறியவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தஞ்சாவூரில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஒரு குழாயை வாயில் வைத்து, மூச்சை இழுத்து, ஆறு விநாடி விடாமல் ஊதச் சொன்னார்கள். "ஊதுறது எனக்கென்ன புதுசா" என்று சிரித்துக்கொண்டே வாங்கினார் அம்மா. ஊதாங்குழலால் ஈர விறகைப் பற்றவைத்தே பழகியவர் அல்லவா. இரண்டு விநாடியில் இருமல் வந்துவிட்டது. மறுபடி ஊதினார். மூன்றாம் முறை மருத்துவரே போதும் என்றார். பிறகு கேட்டார்: "வீட்டில் யாராவது பீடி, சுருட்டு?" இல்லை என்றோம். "விறகடுப்பு எத்தனை வருஷம்?" நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 1968இல் அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தார். 1998இல்தான் எங்களுக்குச் சமையல் வாயு இணைப்பு கிடைத்தது. முப்பது ஆண்டுகள். அவர் அதை எழுதிக்கொண்டார். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று பெயர் சொல்லி, காலையும் மாலையும் உறிஞ்ச மருந்து கொடுத்தார். போன மூச்சு திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

அந்தப் பழைய அடுப்படியை நினைத்துப் பார்க்கிறோம். மண்ணால் ஆன கொடியடுப்பு. முன்னடுப்பில் உலை, கொடியில் குழம்பு. கருவேல முள், தென்னை மட்டை, பாளை, பன்னாடை, மழைக்காலத்தில் எதுவும் காயாதபோது வறட்டி. புகை போவதற்கென்று தனி வழி எதுவும் இல்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக அதுவாக எப்போதோ போகும். போகிற வழியில் அது வேலையும் செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பரணில் கிடந்த புளிப்பானையையும் விதைச் சுரைக்காயையும் பூச்சி அண்டாமல் காத்தது புகைதான். கீற்றுக்கூரை வீடுகளில் கீற்று சீக்கிரம் மட்கிப் போகாததற்கும் அதுவே காரணம் என்பார்கள். உத்தரம் முழுக்கக் கரி படிந்து, தொட்டால் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டும். சிறு வயதில் அந்தக் கரியை விரலில் எடுத்து மீசை வரைந்துகொண்டவர்கள் நாங்கள். வீட்டையும் விதையையும் காத்த புகை, அதன் கீழே உட்கார்ந்திருந்தவரை என்ன செய்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் அப்பாயி கடைசி ஆறேழு வருடம் திண்ணைத் தூணில் சாய்ந்தபடிதான் தூங்கினார். படுத்தால் மூச்சு முட்டும். ‘இளைப்பு’ என்றார்கள். வயதானால் வருவது என்றார்கள்.

ஒருவரும் கேட்டதில்லை என்று எழுதியது சரியல்ல. நம் பக்கத்துக்காரர் ஒருவரே கேட்டிருக்கிறார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியின் அழைப்பில் வார்தாவின் மகன்வாடியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியபோது, அங்கே எண்ணெய்ச் செக்கையும் கைக்காகிதத்தையும் போலவே அடுப்பும் ஆராய்ச்சிப் பொருளாக இருந்தது. புகைக்குழாய் வைத்த ‘மகன் சூல்ஹா’ அங்கிருந்து வந்ததுதான். ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியாளர் மண்ணிலேயே புகையில்லா அடுப்பு ஒன்றை வடிவமைத்து, 1953இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் எழுதினார். மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983இல் தொடங்கி, 2002வாக்கில் முடிந்தது. அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. மூன்று வாய், பின்னால் ஓட்டைத் துளைத்துக்கொண்டு போகும் ஆஸ்பெஸ்டாஸ் குழாய். முதல் மூன்று மாதம் அடுப்படியில் எதிரே இருப்பவர் முகம் தெரிந்தது. பிறகு குழாயில் கரி அடைத்துக்கொண்டது. கூரையேறிக் குத்திவிட வேண்டிய வேலை அப்பாவுடையதா, பண்ணையாள் வேலையா, வளர்ந்துவிட்ட பிள்ளைகள் வேலையா என்பது தீர்மானமாகவே இல்லை. மழைக்கு முன் அம்மாவே குழாயைப் பிடுங்கிவிட்டுப் பழைய கொடியடுப்பை மெழுகிக்கொண்டார். அந்தக் குழாய் கொல்லையில் முருங்கைக்கு முட்டாகச் சில காலம் நின்றது. இந்த இடத்தில் நாங்கள் யாரையும் குறை சொல்வதற்கில்லை, எங்களைத் தவிர.

வாயு அடுப்பு வந்துவிட்டதே, இனி என்ன புகை என்று கேட்கலாம். கேட்டவர்கள் உண்டு. தமிழகக் கிராமத்து அடுப்படிகளின் காற்றை அளந்து 2002இல் கட்டுரை வெளியிட்டவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன். அவர் பங்கேற்ற இன்னொரு பேராய்வு, 2018 முதல் இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்னும் நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்தது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தது விழுப்புரம் மாவட்டமும், எங்கள் அண்டை மாவட்டமான நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு வாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கிடைத்தன. அவர்கள் சுவாசித்த நுண்துகள், விறகடுப்புக்காரர்களுடையதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் 2022இல் முடிவு வெளியானபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. வாயு அடுப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. அடுப்பை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்த எங்களுக்கு இதைப் படித்தபின் சற்று நிதானம் வந்தது. வாயு எரிந்தாலும் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டு. அதைவிட, எண்ணெய் காய்ந்து மீன் பொரிகிற நெடி உண்டு. அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் ஆவியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வரிசையில் வைத்திருக்கிறது. முத்துப்பேட்டை மடவையும் கருவாடும் வாரத்தில் நான்கு நாள் சட்டியேறுகிற வீடு எங்களுடையது. மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளித்த மறு நொடி அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடுவதைத் தினமும் பார்க்கிறோம்.

குழாய் ஒன்றே எவ்வளவு செய்யும் என்பதற்கும் ஒரு சான்று கண்ணில் பட்டது. சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்ற ஊர்ப்பக்கம் வீட்டுக்குள்ளேயே கரி எரிப்பார்கள். புகைபிடிக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் அங்கே மிகுதி. அதே கரிக்குப் புகைபோக்கி மட்டும் வைத்துக்கொண்ட குடும்பங்களில் அந்நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. முருங்கைக்கு முட்டாக நின்ற எங்கள் குழாயை அன்று இரவு நினைத்துக்கொண்டோம்.

கடைக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற பையன் நல்ல பையன். எல்லாச் சிம்னிக்கும் அருகில் சென்று ஓர் எண்ணைச் சொன்னான்: 1,200, 1,400, 1,600. மணிக்கு அத்தனை கனமீட்டர் காற்றை இழுக்குமாம். பெரிய எண்ணே நல்லது என்று அவன் நம்பினான். ஒரு நிமிடம் நாங்களும் நம்பினோம். மூத்தவள் கணக்கு ஆசிரியை. கடையிலேயே துண்டுக் காகிதம் கேட்டு வாங்கினாள். எங்கள் அடுப்படி 1,680 கன அடி, அதாவது ஏறத்தாழ 48 கனமீட்டர். மணிக்குப் பன்னிரண்டு முறை அறைக் காற்று மாற வேண்டும் என்று வைத்தாலும் 576 தான் வருகிறது. அப்புறம் எதற்கு 1,600? அந்த எண் குழாய் மாட்டாமல் திறந்த வாயோடு ஓடவிட்டு அளப்பது என்பதை அவள் ஏற்கெனவே படித்து வைத்திருந்தாள். குழாய் நீளும்போதும், ஒவ்வொரு வளைவிலும், ஆறங்குலக் குழாயை நாலங்குலமாகச் சுருக்கும்போதும் இழுவை குறைந்துகொண்டே வரும். நமக்கு வேண்டியது 1,600 அல்ல, வளைவில்லாத குழாய் என்று அவள் சொன்னதும் பையன் மரியாதையாகத் தேநீர் வரவழைத்தான்.

தீவு மேடையின் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. சிம்னி புகையைத் தேடிப் போய்ப் பிடிப்பதில்லை. சூட்டினால் தானே மேலெழும் புகை அதன் வாய்க்குள் வந்து சேர்ந்தால் வெளியே அனுப்பும், அவ்வளவுதான். சுவரோரம் அடுப்பு இருந்தால் சுவரே ஒரு பக்கம் அணைகட்டி அதை மேலே ஏற்றிவிடுகிறது. நட்டநடுவில் இருந்தால் நாற்புறமும் அது நழுவலாம். அதனால் தீவுச் சிம்னி அடுப்பைவிட இருபக்கமும் அகலமாக இருக்க வேண்டும்; இழுவையும் கூடுதல் வேண்டும். அதற்கும் மேல், குறுக்குக் காற்று கூடாது. சித்திரை வைகாசியில் கொல்லைச் சன்னலைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திக்கொண்டு சமைக்கிற ஒருவரை இந்தத் தாலுகாவில் காட்டுங்கள் பார்ப்போம். விசிறி ஓடினால் புகை சிம்னிக்குப் போகாது, பக்கத்தில் நிற்கிற அம்மாவின் முகத்துக்குத்தான் போகும்.

குழாய்க்கும் வழியில்லை. நேர் மேலே கொண்டுபோனால் புதுத் தளத்தைத் துளைக்க வேண்டும். அடைமழை காலத்துக்கு அந்தத் துளையை நம்பிக் கொடுக்க மேஸ்திரி சம்மதிக்கவில்லை. பக்கவாட்டில் சுவர்வரை கொண்டுபோனால் ஒன்பதடி நீளம், இரண்டு வளைவு. பையன் உடனே தீர்வு சொன்னான்: குழாயே வேண்டாம், கரி வடிகட்டி வைத்தது இருக்கிறது, காற்றைச் சுத்தம் செய்து அறைக்குள்ளேயே விட்டுவிடும், தீவு மேடைக்கு எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். அதன் விவரச் சீட்டை இளையவனே முழுதும் படித்தான். வடிகட்டி எண்ணெயை ஓரளவு பிடிக்கும், வாடையைக் குறைக்கும். ஈரம், சூடு, வாயு எரிந்து வருவது எல்லாம் திரும்ப அறைக்குள்தான். கரியையும் சில மாதங்களுக்கொருமுறை மாற்ற வேண்டும். படித்து முடித்தவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தை எங்கள் எதிரிலேயே அழித்தான். கொஞ்சம் நாடகத்தனம்தான், அவன் சிறு வயதிலிருந்தே அப்படி.

இனி அம்மாவின் ஆட்சேபம். அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கடையில் ஒரு சிம்னியை ஓடவிட்டுக் காட்டியபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார். வெளியே வந்ததும் சொன்னார்: "கடுகு வெடிக்கிறது கேக்காது. வெந்தயம் சிவந்த வாசனை தெரியாது. அப்புறம் நான் எதை வெச்சு சமைக்கிறது?"

"கண்ணால பாரும்மா" என்றான் இளையவன்.

"கண்ணு எங்கடா தெரியுது? இத்தன வருஷமும் மூக்காலயும் காதாலயும்தான் சமைச்சேன்."

முப்பது வருடப் புகையில் கண்ணெரிந்து, பாதி மூடிய இமையோடு சமைத்தவர் வாசனையைத்தானே நம்பியிருப்பார். பேருந்தில் ஊர் திரும்பும்போது யாரும் அதிகம் பேசவில்லை. புகையைப் பிடித்து வெளியே தள்ளும் பொறி, வாசனையை மட்டும் விட்டுவைக்குமா? எங்களிடம் இதற்கு விடை இருக்கவில்லை. கடைசியில் இழுவை எண்ணைப் பார்ப்பதை விட்டு, மூன்று வேகத்தில் முதல் வேகம் எந்தச் சிம்னியில் சத்தம் குறைவாக இருக்கிறது என்று பார்த்து வாங்கினோம். தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம். வலைக்குப் பதிலாக வளைந்த எஃகுத் தகடுகளாலான வடிகட்டி, நம் தாளிப்புக்கு வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதால்.

அடுப்பு கொல்லைப்பக்கச் சுவருக்குப் போனது. நடுவில் மேடை இருக்கிறது, ஆனால் அதில் நெருப்பில்லை. ஒரு பாதியை முட்டுக்கால் உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டச் சொன்னோம். அம்மா நாற்காலியில் அமர்ந்தபடி அங்கே அரிவாள்மணையை வைத்துக் காய் நறுக்குகிறார். சுவரைத் துளைத்து நேராக வெளியே குழாய் விட்டால் இரண்டடிதான், வளைவே இல்லை. மூத்தவளின் கணக்குப்படி அதைவிடச் சிறந்தது கிடையாது. மேஸ்திரி துளைக்க அடையாளம் போட்டபோது அம்மா வந்து பார்த்தார். அந்தச் சுவருக்கு அப்பால் நான்கு முழத்தில் பக்கத்து வீட்டு அத்தையின் கிணற்றடி. அங்கேதான் அவர் துணி காயப்போடுவது.

"நம்ம மீன் வாடை அவ பொடவையில போய் ஒக்காரணுமா?" என்றார்.

குழாய் வெளியே வந்ததும் மேல்நோக்கித் திரும்பி, கைப்பிடிச் சுவருக்கு மேலே போய், மழைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது. இழுவை சற்றுக் குறைந்ததென்று மூத்தவளுக்கு இன்னும் வருத்தம்.

கொல்லைக் கொட்டகையில் கொடியடுப்பை இடிக்கவில்லை. மின்சாரம் இல்லாவிட்டால் சிம்னி வெறும் தகரம் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கஜாவுக்குப் பின் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சிலிண்டர் வண்டி வரும் சாலையெங்கும் மரங்கள் கிடந்தன. விழுந்த தென்னைகளின் பச்சை மட்டையை எரித்துத் தெருவுக்கே சோறு வடித்தவர்களில் அம்மாவும் ஒருவர். அந்தப் பத்துப் பதினைந்து நாளின் புகையைத்தான் அவர் நெஞ்சு தாங்கவில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். பொங்கலன்று மட்டும் இப்போதும் வாசலில் விறகில்தான் பானை. தள்ளி உட்காரச் சொல்கிறோம். பால் பொங்கும்போது எப்படித் தள்ளி உட்கார்வது என்கிறார்.

சிம்னி வந்து சில மாதங்களாகின்றன. எண்ணெய் காயும்போது அம்மா அதைப் போடுவதில்லை. கடுகு வெடித்து அடங்கும்வரை காத்திருந்து, மிளகாயைக் கையில் எடுத்தபின் இன்னொரு கையால் பொத்தானை அழுத்துகிறார். முந்தானை இன்னமும் மூக்குக்குப் போகிறது, ஆனால் தாழ்வாரத்துக்கு ஓடுவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு வடிகட்டி கழுவும் நாள். இம்முறை அது யார் வேலை என்று முன்கூட்டியே எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

முதல் ஞாயிறன்று தகடுகளைக் கழற்றி, சலவைச் சோடா போட்ட வெந்நீர்க் கொப்பரையில் ஊறவைத்தோம். நீர் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே ஆடை போல எண்ணெய் மிதந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரலை அதில் தொட்டெடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"ஒரு மாசத்துக்கு இவ்வளவா?"

ஆமாம் என்றோம்.

அவர் கொஞ்ச நேரம் கொப்பரையையே பார்த்தார். "ஒங்க அப்பாயி தூணுல சாஞ்சுக்கிட்டே தூங்குவாங்களே" என்றார். பிறகு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தண்ணீர் ஆறுவதற்குள் தேய்க்கச் சொன்னார்.